‘அந்தச் சக்கரம் ஏன்க்கா சாய்ஞ்சிருந்துச்சு?’

கேள்வி:

என் தம்பிக்கு 26 வயது. எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். முதுகெலும்பில் டி-12 என்ற இடத்தில் முறிவு, தண்டுவடக் காயம் ‘முழுமையானது’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆபரேஷன் செய்து, ஆறு மாதம் பிசியோதெரபியும் பார்த்தோம். இப்போது கட்டிலும் செல்போனுமாகவே இருக்கிறான். சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையும் செய்வதில்லை. சில நாள் சாப்பாடே வேண்டாம் என்கிறான்.

போன மாதம் அடையாள அட்டை வேலையாகக் கலெக்டர் ஆபீஸ் போனபோது, சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் இவனிடம் பேச்சுக் கொடுத்தார். பக்கத்து டவுனில் சனி, ஞாயிறு சாயங்காலம் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிறார்களாம். வீடியோ காட்டி, “நீயும் வா” என்றார். இவன் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மட்டும் என்னிடம், “அந்தச் சக்கரம் ஏன்க்கா சாய்ஞ்சிருந்துச்சு?” என்று கேட்டான்.

“முதலில் எழுந்து நடக்கட்டும், அப்புறம் விளையாட்டைப் பார்க்கலாம்” என்கிறார் அப்பா. எண்ணெய் வைத்தியம், ஸ்டெம் செல் ஊசி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். கீழே விழுந்துவிடுவானோ, ஆறிப்போன படுக்கைப்புண் திரும்ப வந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். வீண் ஆசை காட்டி அவனை இன்னொரு தடவை நோகடித்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். விளையாட்டு உண்மையிலேயே இவனுக்கு ஏதாவது செய்யுமா?

ஓர் அக்கா, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தம்பி ராத்திரி கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபது வருடமாகத் தண்டுவடக் காயம் பட்டவர்களோடு வேலை பார்க்கும் இயன்முறை மருத்துவர் நான். மூன்று வருடம் கட்டிலோடு கிடந்தவர் தானாக வாய் திறந்து ஒரு பொருளைப் பற்றிக் கேட்பது சின்ன விஷயமில்லை. அதுவும் அவர் எலக்ட்ரீஷியன், கையால் வேலை செய்தவர். ஒரு சாமானைப் பார்த்தால் அது ஏன் அப்படி இருக்கிறது, எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் கண் போகும். அந்தக் கண் இன்னும் விழித்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள். உடம்பை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, சில ஜாக்கிரதைகளோடு, இந்த மாதமே அனுப்புங்கள். நடந்த பிறகு விளையாட்டு என்று காத்திருக்க வேண்டாம்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். பெற்ற பிள்ளை எழுந்து நடக்க வேண்டும் என்று நினைக்காத அப்பா யார்? ஆனால் டி-12 இடத்தில் முழுமையான காயம், மூன்று வருடம் ஆகியும் உணர்வோ அசைவோ திரும்பவில்லை என்றால், பழையபடி நடப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. இதை எழுத எனக்கும் கை தயங்குகிறது. எழுதாமல் விட்டால் உங்கள் வீட்டில் இன்னும் மூன்று வருடம் போய்விடும். இந்த அளவுக் காயத்தில் காலைத் தாங்கும் கேலிப்பர் சட்டம் மாட்டி, வாக்கர் பிடித்து, வீட்டுக்குள் கொஞ்ச தூரம் நடை பழகலாம். அதற்கும் உடம்பின் சக்தி ஏகமாகச் செலவாகும் என்பதால், வெளியே போய்வரப் பெரும்பாலானவர்கள் சக்கர நாற்காலியையே விரும்புகிறார்கள்.

ஸ்டெம் செல் ஊசி பற்றியும் அப்பாவிடம் சொல்லுங்கள். தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் நிரூபணமான சிகிச்சை ஆகவில்லை. முறையான ஆய்வுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு அதைப் போட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறைகளில் இடமில்லை. எண்ணெய் தேய்ப்பது அவருக்கு இதமாக இருந்தால் தேய்க்கட்டும். சூடு மட்டும் வேண்டாம். உணர்வில்லாத தோலில் சூடான எண்ணெயும் ஒத்தடமும் கொப்புளம் போட்டு, அது ஆற நாலு மாதம் ஆனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேலூர் சிஎம்சியில் மேரி வர்கீஸ் என்றொரு டாக்டர் இருந்தார். 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவர்தான். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த மையத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. அப்பாவிடம் வாதாடுவதைவிட இந்த அம்மாவைப் பற்றி ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். விளையாட்டு என்ன செய்யும்?

தம்பி பயிற்சி செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மட்டுமில்லை, பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது நாங்கள் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுப்போம். கையை ஊன்றி உடம்பைத் தூக்கு, பத்துப் பத்தாக மூன்று முறை. ரப்பர் பட்டையை இழு. குப்புறப் படு. வீட்டுக்குப் போனதும் அந்தத் தாள் பீரோ கதவில் ஒட்டப்படும். ஒரு மாதம் செய்வார்கள். அப்புறம் தாள் அங்கேயே இருக்கும், பயிற்சி இருக்காது. ரொம்ப நாள் வரை இதைச் சோம்பல் என்றுதான் நானும் நினைத்துத் திட்டியிருக்கிறேன். அது என் தவறு. கையில் பலம் ஏற்றி அந்தப் பலத்தோடு எங்கே போவது? கட்டிலில் இருப்பவருக்கு அந்தக் கேள்விக்கு விடையே இல்லாதபோது எதற்காகப் பத்து தடவை தூக்க வேண்டும்?

தென்னை மரம் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். உங்கள் தம்பிக்குப் பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே காயம். இரண்டு வருடம் வீட்டில் கிடந்துவிட்டு, புண்ணோடு வந்து சேர்ந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற அண்ணன் இரண்டு பேர் தூக்க வேண்டும். நானும் சொல்லிப் பார்த்தேன், டாக்டரும் சொல்லிப் பார்த்தார், “நாளைக்குப் பார்க்கலாம்மா” என்பார். புண் ஆறிய பிறகு, வார்டில் பழக்கமான ஒருவர் அவரைப் பந்தாட்டத்துக்குக் கூட்டிப் போனார். முதல் வாரம் சும்மா ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது வாரம் பந்தைத் தொட்டார். மூன்றாவது வாரம் அந்த அணித் தலைவர் அவரிடம், “அடுத்த தடவை உங்க அண்ணன் தூக்கி வைக்கக் கூடாது, நீயாத்தான் ஆட்ட நாற்காலிக்கு மாறணும்” என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பயிற்சி அறை வாசலில் நிற்கிறார் மனிதர். “மேடம், அந்தப் பலகையை வச்சு நகர்ந்து மாறுறது எப்படி, இன்னொரு வாட்டி காட்டுங்க.”

அன்றைக்கு நாற்பது நிமிடம் விடாமல் செய்தார். பலகை நழுவியது, நாங்கள் பிடித்தோம், திரும்பச் செய்தார். உள்ளங்கை சிவந்துபோனது. பீரோ கதவில் இரண்டு வருடம் ஒட்டியிருந்த தாளால் ஆகாதது, சனிக்கிழமை ஐந்து பேர் தனக்காகக் காத்திருப்பார்கள் என்பதால் ஆனது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆட்டத்துக்கு நடுவே சிறுநீர் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, நேரம் பார்த்துக் குழாய் விட்டு எடுக்கும் பழக்கம் வந்தது. அதனால் அடிக்கடி வந்துகொண்டிருந்த சிறுநீர்த் தொற்று குறைந்தது. காய்ச்சலில்லாமல் நாலு வாரம் போனதே அவருக்கு அதிசயம். பசி எடுத்தது. சக்கரம் தள்ளித் தள்ளி மூச்சு நீண்டது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்ததால், கண்டக்டரிடம் பேசி உதவி கேட்கப் பழகினார். உதவி கேட்பது தெரியாமலேயே எத்தனை பேர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள், தெரியுமா? ஆட்டத்தில் அவர் பெரிய கெட்டிக்காரர் ஆகவில்லை. இன்றைக்கும் பத்து தடவை எறிந்தால் இரண்டு கூடைக்குள் விழும். தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார்.

மறுவாழ்வு மருத்துவத்தில் விளையாட்டு நுழைந்ததே ஆஸ்பத்திரி வழியாகத்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. காயத்தால் சாகவில்லை, படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் பொறுப்பு லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவரிடம் வந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் ஜெர்மனியை விட்டு வந்த யூதர் அவர். நோயாளிகளைப் படுக்க விடாமல் திருப்பிப் போட்டு, புண்ணைப் பார்த்து, வேலை கற்றுக்கொடுத்து, கூடவே விளையாடவும் வைத்தார். 1948 ஜூலை 29ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் வில் வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. வில்லை வளைக்கத் தோளும் முதுகும் வேலை செய்தாக வேண்டும். நாங்கள் தாளில் படம் போட்டுத் தரும் பயிற்சியும் அதேதான். அந்தப் புல்வெளிப் போட்டி வளர்ந்து, 1960இல் ரோமில் முதல் பாராலிம்பிக்காக நடந்தது.

நம் நாட்டிலும் அப்படித்தான். முரளிகாந்த் பெட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சையின் பகுதியாகத்தான் தண்ணீரில் இறங்கினார். 1972இல் ஹைடல்பெர்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. இந்தியாவில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கென ஒரு கூட்டமைப்பைச் சென்னையிலிருந்து கட்டி எழுப்பிய மாதவி லதாவும், குழந்தையிலேயே போலியோ வந்து, சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கி நீச்சல் வீராங்கனை ஆனவர்தான்.

சரி, உங்கள் தம்பியை அழைத்த அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. கூடையின் உயரம் எல்லாரும் ஆடும் கூடைப்பந்தில் இருக்கும் அதே 3.05 மீட்டர்தான். பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தடவைதான் சக்கரத்தைத் தள்ளலாம், அதற்குள் பந்தைத் தட்டிவிட வேண்டும், அல்லது பாஸ் கொடுக்க வேண்டும், இல்லை எறிய வேண்டும். இதெல்லாம் போகட்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பார்த்து 1 முதல் 4.5 வரை புள்ளி கொடுப்பார்கள். உடம்பைத் தாங்கிப் பிடிக்கவே முடியாதவருக்கு 1, ஒரு காலில் மட்டும் சின்னக் குறை உள்ளவருக்கு 4.5. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டல் 14ஐத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் என்ன ஆகிறது பாருங்கள். பலசாலிகளை மட்டும் வைத்து எந்த அணியும் இறங்க முடியாது. காயம் பெரிதாக இருப்பவர் ஒருவராவது வேண்டும், அவரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தாக வேண்டும். வீட்டில், தெருவில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் “இவனால் சிரமம்” என்று கேட்டே பழகியவருக்கு, “நீ வந்தால்தான் எங்கள் கணக்குச் சரியாகும்” என்று ஒரு குரல் கேட்பது எப்படி இருக்கும்! உங்கள் தம்பிக்கு வயிறு, முதுகுத் தசைகள் பெரும்பாலும் வேலை செய்யும். புள்ளிக் கணக்கில் நடுவில் எங்கேயோ வருவார். எந்த அணிக்கும் தேவைப்படும் இடம் அது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். விழுவாரா? விழுவார். பொய் சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் விழாதவர்கள் யாரும் கிடையாது. முதன்முதலாகப் பார்க்கும் அம்மாக்கள் எல்லாரும் அந்த நிமிடத்தில் எழுந்து ஓடி வருவார்கள். இரண்டு நாற்காலிகள் டமார் என்று மோதும், ஒன்று சாய்ந்து, ஆள் தரையோடு தரையாகக் கிடப்பார். நாங்கள் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைப்போம். கீழே கிடப்பவர் நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டியிருப்பார், அதனால் கால் தனியாக எங்கேயும் மாட்டாது. ஒரு கையைத் தரையில் ஊன்றுவார், இன்னொரு கையால் மேல் சக்கரத்தைப் பிடிப்பார், உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி நாற்காலியோடு நிமிர்வார். புதிதாக வந்தவருக்கு அது முடியாது, கூட ஆடுகிறவர் வந்து பின்னாலிருந்து தூக்கிவிடுவார். நல்ல பயிற்சியாளர் முதல் நாளே விழுவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுப்பார். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கையை நேராக நீட்டித் தடுக்காமல், உருண்டு விழ வேண்டும்.

சாரத்திலிருந்து விழுந்தவர் உங்கள் தம்பி. அந்த விழுதல் இன்னும் அவர் உடம்புக்குள் இருக்கும். விழுந்தும் ஒன்றும் ஆகாமல் எழுந்து உட்காரும் முதல் நாள் அவருக்கு என்ன செய்யும் என்று நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் முகத்தைப் பாருங்கள்.

ஜாக்கிரதைகளைக் கவனமாகப் படியுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டி, புண் முழுக்க ஆறியிருக்கிறதா, சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆறாத புண்ணோடு ஒரு நாள்கூட ஆட வேண்டாம். அங்கே ஆட்ட நாற்காலி கொடுத்தாலும், அதன் மேல் தட்டையான பஞ்சு மட்டும் இருந்தால், வீட்டிலிருந்து கொண்டுபோன மெத்தையைப் போட்டுத்தான் உட்கார வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போதும். ஆட்டத்துக்கு நடுவே கால் மணிக்கு ஒரு தடவை முன்னால் நன்றாகக் குனிந்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பிடித்து, அல்லது செல்போனில் படம் எடுத்து, உட்காரும் இடத்துத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். சிவப்பு முழுக்கப் போகும் வரை மறுபடி உட்கார்ந்து ஆடக் கூடாது. மெத்தையையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது. மூன்று வருடம் பாரம் தாங்காத கால் எலும்பு மெலிந்துபோயிருக்கும். விழும்போது முறிந்தாலும் அவருக்கு வலிக்காது. வலி இல்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடக் கூடாது. தொடையிலோ முட்டியிலோ வீக்கம், சூடு, ஒரு கால் மட்டும் திரும்பிக் கிடப்பது, இப்படி எதைப் பார்த்தாலும் அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். ஆடும்போது பாதங்களை எப்போதும் நாற்காலியின் கால்தாங்கியோடு பட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கனமான ஷூ போடட்டும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், பாருங்கள். சிறுநீர் கசியுமே என்ற கூச்சத்தில் எல்லாரும் செய்வது இது. நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்ப்பதில்லை, சூடு உள்ளேயே தங்கும். நிறையக் குடிக்கட்டும், நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குழாய் விட்டு எடுக்கட்டும், ஆட்டத்துக்குப் போகும் முன் ஒரு தடவை எடுத்துவிடட்டும். ஒரு மாற்று உடை பையில் இருக்கட்டும். அங்கே இருக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். கடைசியாகத் தோள். இனி வாழ்நாள் முழுக்க அவருக்குக் காலும் அதுதான். சக்கரத்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டாமல் நீளமாகத் தள்ளப் பழக வேண்டும். முதுகுப்பக்கத் தோள் தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி கட்டாயம். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குத் தோள் வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்து இயன்முறை மருத்துவரிடம் போங்கள்.

(இதைப் படிக்கும் வேறு யாருக்காவது காயம் டி-6இலோ அதற்கு மேலேயோ, நெஞ்சு அல்லது கழுத்து மட்டத்தில் இருந்தால், இரத்த அழுத்தம் திடீரென்று தாறுமாறாக ஏறும் ஆபத்து உண்டு. அவர்கள் டாக்டரிடம் தனியாகப் பேசாமல் எந்த ஆட்டமும் தொடங்க வேண்டாம்.)

இப்போது பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி போக ஆரம்பித்ததும் உறவுக்காரர்கள் யாராவது மாரியப்பன் பெயரை எடுப்பார்கள். எடுக்க வேண்டிய பெயர்தான். சேலம் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், அம்மா காய்கறி விற்று வளர்த்த பிள்ளை, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்த 2024 பாரிஸ் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த 29 பதக்கங்களில் பேட்மின்டனில் மட்டும் மூன்று நம் தமிழ்நாட்டுப் பெண்கள் வாங்கியவை: துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன். உங்கள் தம்பியைப் போலவே தண்டுவடக் காயத்தோடு, சக்கர நாற்காலியிலிருந்து துப்பாக்கி சுட்டு டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வாங்கிய ராஜஸ்தான் பெண் அவனி லேகரா. 2012இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு வீட்டுக்குள் ஒடுங்கிப்போயிருந்த அவரைத் துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கூட்டிப் போனவர் அவருடைய அப்பா. இதை உங்கள் அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் தம்பியிடம் முதல் ஆறு மாதத்துக்கு இந்தப் பெயர்கள் எதையும் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், அவருக்கு அது இன்னொரு பாரமாக இறங்கும். கால் போன பிறகு சும்மா பந்து விளையாடக்கூட உரிமையில்லையா, நாட்டுக்குப் பதக்கம் வாங்கினால்தான் மதிப்பா என்று ஒரு பையன் என்னிடம் அழுதிருக்கிறான். நம் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது யாரும் போய் உலகக் கோப்பை எப்போது வாங்குவாய் என்று கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆடி, வேர்த்து, டீ குடித்து, தோற்றதற்காகச் சண்டை போட்டுவிட்டு வீடு திரும்பும் சாதாரணச் சந்தோஷம் அவருக்கும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பு வேர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. சனியும் ஞாயிறும் ஒன்றரை மணி நேரம் ஆடினால் கணக்கு அதைத் தாண்டிவிடும், அவருக்கே தெரியாமல்.

ஒருவேளை போய்ப் பார்த்துவிட்டுக் கூடைப்பந்து பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உட்கார்ந்து குண்டு எறியலாம், டேபிள் டென்னிஸ் ஆடலாம், நீந்தலாம், படுத்தபடி பளு தூக்கலாம். பளு தூக்க ஓர் ஆளைக் கூட வைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஜிம்மிலேயே தொடங்கிவிடலாம். செஸ், கேரம் எல்லாம் நல்ல ஆட்டம்தான், அவற்றோடு நிற்க வேண்டாம் என்பேன். வாசலைத் தாண்ட வைக்கிற ஆட்டம் ஒன்றாவது இருக்கட்டும்.

சாப்பாடு வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதை லேசாக விடாதீர்கள். விளையாட்டு மனச்சோர்வுக்கு நல்லதுதான், ஆனால் மனச்சோர்வு ஆழமாக இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும், பந்து மட்டும் போதாது. தூக்கம் எப்படி, பேச்சு எப்படி என்று கவனியுங்கள். “நான் இருந்து என்ன பண்ண” என்ற மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரவு நேரமானாலும் 104க்கோ 14416க்கோ போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

செலவைப் பற்றி அப்பா கேட்பார். ஆட்டத்துக்கான நாற்காலி விலை அதிகம், இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெரும்பாலான அணிகளில் பொது நாற்காலிகள் இரண்டு மூன்று இருக்கும், மாற்றி மாற்றி ஆடுவார்கள். அடையாள அட்டை வேலை முடிந்ததும், அதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மனு கொடுங்கள். அது கிடைத்துவிட்டால் ஆட்டத்துக்கும் போகலாம், வேலை தேடியும் போகலாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் விசாரிக்கலாம், ஆனால் அதற்கெல்லாம் இப்போது அவசரமில்லை.

எப்படிக் கூட்டிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசிச் சம்மதிக்க வைக்கப் பார்க்காதீர்கள். அக்கா சொன்னால் அது அன்பு, அப்பா சொன்னால் அது கட்டளை, நான் சொன்னால் அது சிகிச்சை. அந்தக் கலெக்டர் ஆபீஸ் நண்பர் சொன்னால் மட்டும்தான் அது அழைப்பு. அவர் நம்பரை வாங்கி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வந்தால் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு நீங்கள் உள்ளே டீ போடப் போங்கள். சிறுநீர்க் குழாய், புண், கல்யாணம் என்று அக்காவிடம் கேட்க முடியாதது ஆயிரம் இருக்கும். முதல் சனிக்கிழமை அப்பாவையும் ஒரு துணைக்கு அழைத்துப் போங்கள். வாதாட வேண்டாம், ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும்.

ஆட்ட நாற்காலியின் சக்கரங்கள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இந்நேரம் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். அடிப்பக்கம் அகன்றிருந்தால் பக்கவாட்டில் சட்டென்று கவிழாது, சுற்றித் திரும்புவது வேகமாக நடக்கும், பக்கத்து நாற்காலியோடு மோதும்போது கைவிரல்கள் நசுங்காது. ஆனால் இதைத் தம்பியிடம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அந்த நண்பர் வரும்போது அவரிடமே கேட்கட்டும்.